உப்பங்கழியில் சனிக்கிழமைகள்

என் மனைவிக்குக் காசநோய் என்று டாக்டர் சொன்னபோது எங்கள் பெண்ணுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. தாய்ப்பாலை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். குழந்தையை வேறு அறையில் விட்டால் போதாது, வேறு ஒருத்தியின் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சீமையிலிருந்து புதிதாக ஓர் ஊசி மருந்து வருகிறது, அதைப் போட்டால் பிழைக்கிறார்கள் என்று பேச்சு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். எல்லோருக்கும் கிடைக்கிற காலம் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பால், முட்டை, ஓய்வு, முடிந்தால் கடல் காற்று என்றார்.

ராயபுரத்தில் எங்களுக்குக் கடை. அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்தது. கப்பலுக்கும் படகுக்கும் வேண்டிய கயிறு, தார், பாய்த்துணி, பெயின்ட் எல்லாம் விற்போம். கீழே கடையும் கயிற்றுக் கிடங்கும், மாடியில் வீடு. அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். மனைவியின் படுக்கையைக் கிடங்கை ஒட்டிய கீழறைக்கு மாற்றினோம். அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தை மாடியில் அண்ணியிடம் வளர்ந்தது.

அண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன். நான்காவதாக ஒரு பிள்ளையைப் பெற்றது போலத்தான் எங்கள் பெண்ணை வைத்திருந்தாள். ஆனால் குழந்தை பேசப் பழகியது அண்ணன் பிள்ளைகளிடம். அவர்கள் அண்ணியை அம்மா என்றார்கள், இவளும் அம்மா என்றாள். அவர்கள் என்னைச் சித்தப்பா என்றார்கள், இவளும் அப்படியே அழைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கீழறையின் கூரை மரத் தளம். குழந்தை நடை பழகியதை என் மனைவி அந்தச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாள். "இப்ப விழுந்துட்டா," என்பாள் மேலே பார்த்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, "எந்திரிச்சிட்டா." கயிற்றுத் தூசி அந்த அறையில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். அவள் இருமத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்துவார்கள். அதுவும் எங்களுக்குக் கேட்கும்.

எனக்கு ஒரு படகு, நோய் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கிடைத்திருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் எங்கள் கடையில் பாய்த்துணி வாங்குவார். எண்ணூரில் ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார். பாய் கிழிந்தால் தைத்துக் கொடுப்பேன், சில ஞாயிறுகளில் என்னையும் ஏற்றிக்கொள்வார். ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால், வேறு யாரிடம் கொடுத்தாலும் அடுப்பெரிப்பார்கள் என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று ஆள் நீளம், ஒரே பாய், அடியில் ஏற்றி இறக்குகிற ஒரு பலகை. நான் அதைக் கழிக்கரையில் கட்டிப் போட்டிருந்தேன்.

கடல் காற்று என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளை எண்ணூர் ரயிலில் கூட்டிப் போனேன். துண்டை வாயில் அழுத்திக்கொண்டே வந்தாள். அப்படியும் எதிரில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார். படகில் ஏறி, பாயை ஏற்றி, கடல் காற்று பின்னாலிருந்து தள்ள, ரயில் பாலத்தை விட்டு விலகிக் கழிக்குள் போனோம். அலையாத்திப் புதர்கள் இரண்டு பக்கமும் வந்தன. உப்பளங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஒரு வளைவில், தண்ணீர் ஆடாமல் நின்ற இடத்தில் நங்கூரத்தைப் போட்டேன். அவளுக்கு அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் வந்தது. வெகுநேரம் இருமினாள். கொக்குகள் எழுந்து பறந்து போய் எதிர்க்கரையில் உட்கார்ந்தன.

"இங்க சன்னல் இல்லங்க," என்றாள் மூச்சு வந்த பிறகு.

அதற்குப் பிறகு முடிந்த சனிக்கிழமையெல்லாம் போனோம். புளிச்சோறும் கருவாடும் கட்டிக்கொள்வோம். ராத்திரி பாய்த்துணியைக் கூடாரம் போலக் கட்டிவிடுவேன். அவள் பாய்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். படுத்தால் மூச்சு முட்டும். காலையில் விறகு ஏற்றிய வள்ளங்கள் கால்வாய்ப் பக்கம் போகிற சத்தம் கேட்டு விழிப்போம். சுக்கான் பிடிக்க அவளுக்குக் கற்றுக் கொடுத்தேன். சீக்கிரமே என்னைவிட நன்றாகப் பிடித்தாள். நோய் குறைகிறது என்று நான் நம்பிய மாதங்கள் அவை. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஞாயிறு சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போது அவள் முகம் மாறுவதைப் பார்ப்பேன். படகில் இருந்த ஒரு பகலும் ஓர் இரவும்தான் குழந்தையின் காலடி அவள் காதில் விழாமல் இருந்த நேரம். அதற்காகத்தான் வருகிறாள் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

அந்தக் கழியில் எங்களுக்குப் பழக்கமானவள் ஒருத்திதான். பக்கத்துக் குப்பத்துக்காரி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவள். முதல் மாதமே படகோரம் வந்து நின்றாள்.

"சனிக்கெயம ஆனா வந்துர்றீங்க. வூட்ல இன்னாம்மா, மாமியார் பேஜாரா?" என்று என் மனைவியைக் கேட்டாள்.

"மாமியார் இல்ல. எனக்கு உடம்பு சரியில்ல. காசநோய். நீ தள்ளியே நில்லு."

அவள் தள்ளி நின்றாள். ஆனால் போய்விடவில்லை. "எங்க அக்காக்கும் அதான் இருந்திச்சு," என்றாள். அக்கா எப்படி இருக்கிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இறாலை ஓலைக் கூடையில் வைத்து, மூங்கில் கழியின் நுனியில் மாட்டி நீட்டுவாள். நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

அடுத்த வருஷம் பங்குனிக்குள் என் மனைவிக்குத் தொண்டையும் கட்டிப் போனது. பேச்சு காற்று மாதிரிதான் வந்தது. துண்டில் ரத்தம் தெரிய ஆரம்பித்தது. சானடோரியத்தில் சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"போறதுக்கு முன்னால பிள்ளையைப் பகல் வெளிச்சத்துல பாக்கணும். கிட்ட வர மாட்டேன். நான் படகுல இருக்கேன், அவ கரையில இருக்கட்டும்."

அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் சம்மதிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஞாயிறு காலை ரயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எண்ணூருக்கு வந்தாள். நாங்கள் முந்தைய நாளே போய்க் கழியில் தங்கியிருந்தோம். சவுக்குத் தோப்பின் ஓரத்தில் அவர்கள் வந்து நின்றதும் படகைக் கரைப் பக்கம் கொண்டு போனேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட," என்றாள் என் மனைவி. அடிப்பலகையைத் தூக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் போனேன். கல்லெறி தூரத்தில் நங்கூரம் போட்டேன்.

குழந்தைக்கு மஞ்சள் கவுன் போட்டு, தலைக்கு ரிப்பன் கட்டியிருந்தாள் அண்ணி. கொஞ்ச நேரம் படகைப் பார்த்துவிட்டு அது மணலில் கிளிஞ்சல் பொறுக்கப் போனது. ஒவ்வொன்றையும் கொண்டு வந்து, "அம்மா, இந்தா," என்று அண்ணி மடியில் போட்டது. தண்ணீர் மேல் குரல் நன்றாகக் கேட்கும். பக்கத்தில் இருந்து பேசுவது போல இருந்தது.

பிறகு குழந்தை எங்களைக் கைநீட்டிக் காட்டியது. "அம்மா, போட்ல யாரு?"

அண்ணி எங்களைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "சித்தப்பா," என்றாள். "அது சித்தி."

என் மனைவி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "சரியாத்தான் சொல்றாங்க," என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குத்தான் கேட்டது.

"சித்தி," என்று குழந்தை கூப்பிட்டது. பதில் வராததால் இன்னும் உரக்கக் கூப்பிட்டது. "சித்தீ..."

என் மனைவி வாயைத் திறந்தாள். குரல் எழவில்லை. படகின் மறுமுனையில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரல், கரைக்கு எங்கே போகும்? இரண்டு முறை முயன்றுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. 'என்ன கண்ணு'ன்னு கேளுங்க."

நான் எழுந்து நின்று, "என்ன கண்ணு?" என்று கத்தினேன். குழந்தை என் குரலுக்குப் பழகியது. "சித்தப்பா," என்று சிரித்துவிட்டு மறுபடி கிளிஞ்சலுக்குப் போய்விட்டது.

"போதுங்க. எடுத்துரலாம்," என்றாள்.

நங்கூரத்தை இழுத்தேன். அது வந்தது. படகு வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீர் வடிந்து படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினேன். கழி பாதிக்கு மேல் உள்ளே போனது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தேன், தொடை வரைக்கும் புதைந்தது. விளிம்பைப் பிடித்து மேலே ஏறுவதற்கே பெரும் பாடாகிவிட்டது.

இறால்காரி தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் தண்ணீரோரமாக வந்தாள். "இனிமே ஒன்னியும் ஆவாது நைனா. தண்ணி எறங்கிகினு கீது. சாயங்காலம் ஏறுனாத்தான் நவுரும்."

கரையில் இருந்தவர்களுக்கும் சாயங்காலம்தான் ரயில். வெயில் ஏறிவிட்டது. அந்தச் சவுக்குத் தோப்பை விட்டால் அக்கம்பக்கத்தில் நிழல் இல்லை. அண்ணியை எங்கள் கண்ணில் படாமல் தள்ளிப் போய் உட்காரச் சொல்லும்படி இறால்காரியிடம் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி தடுத்தாள்.

"வேண்டாம். பிள்ளைக்கு வெயில் ஆகாது. இருக்கட்டும்."

அந்த மத்தியானம் முழுவதும் அப்படியே இருந்தோம். நகராத படகில் நாங்கள், தோப்பு நிழலில் அவர்கள். நான் பாய்த்துணியைத் தலைக்கு மேல் கட்டினேன். குழந்தைக்குப் பசித்தது. அண்ணி தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டினாள். அது ஓடியது, அண்ணி பின்னாலேயே போனாள். விழுந்து அழுதது, அம்மா அம்மா என்று அழுதது. என் மனைவியின் உடம்பு எழப் பார்த்தது, நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். தோளில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. அண்ணி தூக்கித் தட்டிக் கொடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தூங்கிவிட்டது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி எங்கள் பக்கமே பார்க்காமல் இருந்தாள்.

"முடி நல்லா வந்திருக்கு," என்றாள் என் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறாளா?"

"இல்லையே."

"அப்ப மணலாத்தான் இருக்கும்."

இருமல் வந்தபோதெல்லாம் முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள், குழந்தை விழித்துவிடும் என்று.

வெயில் தாழ்ந்ததும் அண்ணி எழுந்தாள். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாள். என் மனைவி கும்பிட்டாள். அவர்கள் தோப்புக்குள் போய் மறைந்த பிறகுதான் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. படகு லேசாக ஆடி எழுந்தது. பாயை ஏற்றினேன். சுக்கானைப் பிடிக்கிறாயா என்று கேட்டேன். தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

அதுதான் நாங்கள் கடைசியாகப் போனது. அந்த வாரமே சானடோரியத்தில் சேர்த்தேன். ஞாயிறுகளில் பார்க்கப் போவேன். ஒருமுறை, "பிள்ளைகிட்ட எதையும் மாத்திச் சொல்லாதீங்க. சித்தின்னே இருக்கட்டும். செத்துப் போனது சித்தின்னா அவளுக்குப் பெரிசா ஒண்ணும் இருக்காது," என்றாள். ஐப்பசி அடைமழையில் அவள் போய்விட்டாள். மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விறகு நனைந்திருந்தது. திரும்பத் திரும்ப மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. குழந்தையை யாரும் கூட்டி வரவில்லை.

மழை ஓய்ந்தபின் ஒரு சனிக்கிழமை நான் தனியாகப் போய்ப் படகை எடுத்தேன். பழைய வளைவில் நங்கூரம் போட்டேன். கொண்டு போன சோற்றைத் திறக்கவில்லை. கொக்குகள் வந்து வெகு அருகில் உட்கார்ந்தன. இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன். வேண்டுமானால் படகை எடுத்துக்கொள் என்று இறால்காரியிடம் சொன்னேன். "வோணாம் நைனா. அந்தம்மா குந்தினு இருந்தது கண்ணுலயே கீது," என்றாள். படகு கரையில் கிடந்து வெயிலில் வெடித்தது. அடுத்த புயலில் போய்விட்டது.

பெண்ணின் கல்யாணம் நிச்சயமானபோது, இனிமேலும் மறைப்பது பாவம் என்று அண்ணி அழுதாள். இருவருமாகச் சொன்னோம். பெண் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்று மட்டும் சொன்னாள். சில நாள் கழித்து, அந்த இடத்தைக் காட்டுங்கள் என்றாள்.

எண்ணூருக்குக் கூட்டிப் போனேன். முகத்துவாரம் வேறு பக்கம் திறந்திருந்தது. சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டிருந்தார்கள். கரை எங்கே இருந்தது, தண்ணீர் எங்கே நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கும் இங்கும் நடந்து பார்த்தேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பொறுமையாகக் கூடவே வந்தாள்.

"இங்கயா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா," என்றேன்.

இன்னும் கொஞ்சம் வடக்கே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். போனோம். அங்கேயும் எனக்குத் தெரியவில்லை.