மாறவேளின் கால்விரலும் வாசகர் கடிதங்களும்

1. முதல் நாள்

அச்சகத்தில் எனக்குக் கிடைத்த வேலையின் பெயர் காப்பி ஹோல்டர். எழுத்தாளர் கொடுத்த கையெழுத்துப் பிரதியை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். எதிரே ப்ரூப் ரீடர் அச்சான தாளைப் பார்த்துப் பிழை திருத்துவார். உரக்க வாசிக்கிற ஆள்தான் காப்பி ஹோல்டர். நான் முதலாளிக்குக் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றே என் மாமியார் வீட்டில் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். என் சம்பளத்தைப் பார்த்தால் அப்படி நினைக்க இடம் உண்டு.

நான் எட்டாவது வரை படித்தவன். கடையில் போய் உப்பு கேட்க வெட்கப்பட்டு, கடைக்காரர் தானாக நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்கிற சுபாவம். இப்படிப்பட்ட ஒருவனைத் தேடிப் பிடித்து, டிரெடில் அச்சு மிஷின் சத்தத்துக்கு மேலே நாள் முழுக்கக் கத்துகிற வேலையில் உட்காரவைத்தார்கள். சிவகாசியில் ஆள் எடுக்கும் திறமை அப்போதே அப்படித்தான்.

ப்ரூப் ரீடர் மாசிலாமணி சார் முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க, தாள்ல இருக்கிறத வாசிக்கணும். இல்லாதத வாசிக்கக் கூடாது. கமா இருந்தா கமான்னு சொல்லணும். புல்ஸ்டாப் இருந்தா புல்ஸ்டாப். உங்க சொந்த அபிப்பிராயத்தச் செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு வந்திருங்க."

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வீட்டில் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து புல்ஸ்டாப்" என்று சொல்லிப் பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்கினேன்.

எங்கள் அச்சகத்துக்குப் பட்டாசு லேபிளும் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும்தான் சோறு போட்டன. சீசன் இல்லாத மாதங்களில் மிஷின் சும்மா நிற்கக் கூடாது என்பதற்காக முதலாளி அண்ணாச்சி மாதம் இருமுறை ஒரு கதைப் பத்திரிகை நடத்தினார். இலக்கியத்துக்கு அவர் செய்த தொண்டு அது.

2. சிவகாசிக்குப் பனி வந்த விதம்

வடக்கத்தி பார்ட்டி ஒருவர் பனிமலை போட்ட காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தார். படம் அச்சடிக்கிற பிளாக் செய்து முடித்த பிறகு வேண்டாம் என்றுவிட்டார். மூன்று கலர் பிளாக். அண்ணாச்சிக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை.

"செஞ்சது செஞ்சதுதான். பனிமலை வர்ற மாதிரி ஒரு சரித்திரக் கதை பிடிங்க. காதலும் இருக்கட்டும்" என்றார்.

கதை எழுத வந்தவர் ஞானசெல்வம் அம்மாள். காரியாபட்டிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதற்கு முன் எங்கள் பத்திரிகைக்கு உடல்நலக் குறிப்புகள் அனுப்பிக்கொண்டிருந்தார். முதல்முறை வெள்ளைச் சேலையும் கைப்பையுமாக அவர் வாசலில் நுழைந்ததும், "ஏலே, அம்மை குத்த வந்துட்டாக!" என்று யாரோ கத்த, மிஷின்காரர்கள் மொத்தப் பேரும் பேப்பர் குடோனுக்குள் ஓடிவிட்டார்கள். கம்பாசிட்டர் சங்கிலி ஆறடி ஆள், மீசையே அரையடி இருக்கும். அவர் மேஜைக்கு அடியில் இருந்தார்.

"யாருக்கும் ஊசி போட வரலைங்க. கதை கொண்டு வந்திருக்கேன்" என்றார் அந்த அம்மாள்.

முதல் அத்தியாயத்தை அச்சுக் கோத்து முடித்த பிறகு சங்கிலி சொன்னது: "ஊசியே தேவலைண்ணே."

கதையின் பெயர் 'உறைந்த ஆற்றின் இளவரசி'. பாண்டிய நாட்டுக் குதிரைப்படைத் தலைவன் மாறவேள், அரசன் கட்டளைப்படி குதிரை வாங்க வடக்கே போகிறான். மலைகளுக்கு அப்பால், கண்ணுக்கு எட்டிய தூரம் பனியாக உறைந்து கிடக்கும் காட்டில் வழி தப்பிவிடுகிறான். அங்கே இளவரசி துகினவல்லியைச் சந்திக்கிறான். குதிரை மறந்துபோகிறது.

இந்தக் காதலை முழுவதும் கத்த வேண்டியவன் நான். "துகினவல்லி கமா உன் மூச்சின் வெப்பத்தில் என் கவசம் உருகுகிறது ஆச்சரியக்குறி" என்று வேர்க்க வேர்க்க வாசிப்பேன்.

"அண்ணே, இன்னொருக்கா வாசிங்க. கமா எங்க வருதுன்னு கேக்கல" என்பார் சங்கிலி. அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

3. அபிப்பிராயங்கள்

ஆசிரியர் பெயர் 'ஜி. செல்வம்' என்று அச்சானதால் எல்லோரும் 'ஐயா' என்றே கடிதம் எழுதினார்கள். அவற்றைப் பிரித்து அடுக்குவதும் என் வேலை.

தாயில்பட்டிக்காரர் ஒருவர், "எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. உங்கள் கதையில் ஒரு ஆறு முழுவதும் யாருக்கும் பயன்படாமல் உறைந்து கிடக்கிறது. இது நியாயமா?" என்று கேட்டிருந்தார். விருதுநகர் வியாபாரி ஒருவருக்கு வேறு கவலை. ஐந்து அத்தியாயம் முடிந்தும் கதையில் யாரும் எதையும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை, இவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்? ஒரு பெண், பனியில் வெறுங்காலோடு நடக்கிறவளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்காதவன் என்ன காதலன் என்று எழுதினாள். ஓய்வுபெற்ற தமிழ்ப் பண்டிதர் ஒருவர், ஐந்திணையில் பனிநிலம் என்று ஒன்று கிடையாது, ஆகவே அங்கே காதலிப்பது செல்லாது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அவர் இதழுக்கு ஒரு கடிதம் தவறாமல் போடுவார். "நான் இந்தக் கதையைப் படிப்பதில்லை, இருந்தாலும்" என்று தொடங்கும் கடிதங்கள்தான் எப்போதும் நீளமானவை.

பன்னிரண்டாவது அத்தியாயத்தில் மாறவேள் துகினவல்லியைச் சுமந்துகொண்டு உறைந்த ஆற்றைக் கடக்கிறான். அவனுடைய இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போகின்றன.

அவ்வளவுதான். அதுவரை தினம் நாலு ஐந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போன தபால்காரர் கட்டாகக் கொண்டுவர ஆரம்பித்தார். குளிரில் விரல் கறுக்குமா, யாருக்குக் காது குத்துகிறீர் என்று பாதிப் பேர். இது குளிர் அல்ல, பெருவியாதி என்கிற குஷ்டம், பெருவியாதிக்காரனைக் கதாநாயகனாக வைக்கலாமா என்று மீதிப் பேர். மார்கழியில் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வதுதான் இவர்கள் எல்லோரும் அறிந்த குளிர்.

4. ஒரே ஒரு சந்தாதாரர்

பேசாதவனிடம் எல்லோரும் பேசுவார்கள். ப்ரூப் பார்க்க வந்த அந்த அம்மாளிடம் நான் கடிதக் கட்டைக் காட்டி, "விரல்...?" என்று மட்டும் கேட்டேன். எனக்கு அது பெரிய பேச்சு.

"கதையிலருந்து அந்த விரல எடுக்க முடியாதுங்க" என்றார். "என் தம்பி தாசன் பட்டாளத்துல இருந்தான். வடக்க பனியில காவல் நின்னு கால்ல ரெண்டு விரல் கறுத்து, டாக்டர் எடுத்துட்டாரு. சாத்தூர்ல பொண்ணு நிச்சயம் பண்ணியிருந்தோம். பொண்ணோட அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். விரல் இல்லைன்னு கேள்விப்பட்டதும் பெருவியாதின்னு முடிவு பண்ணிக் கல்யாணத்த நிறுத்திட்டாரு. நான் நர்ஸ், எடுத்துச் சொன்னேன். தம்பிக்காக அக்கா பேசுதுன்னுட்டாரு."

"டாக்டர் சீட்டு?"

"காட்டியாச்சு. சீட்டு எழுதின டாக்டரும் எங்க ஆஸ்பத்திரிதானேன்னாரு. ஹெட்மாஸ்டரு அச்சுல வந்ததத்தான் நம்புவாரு. உங்க பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருக்காரு. தை மாசத்துக்குள்ள அவரு மனசு மாறலைன்னா பொண்ண வேற எடத்துல குடுத்திருவாரு."

ஆறு மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியது, சாத்தூரில் ஒரே ஒரு சந்தாதாரருக்காக என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

5. தீபாவளி மலர்

பதின்மூன்றாவது அத்தியாயம் தீபாவளி மலரில் வர வேண்டும். வைத்தியர் மாறவேளின் இரண்டு விரல்களையும் எடுக்கிறார், அது வியாதி அல்ல, பனி செய்த வேலை என்று துகினவல்லிக்கு விளக்குகிறார். பிரதியைப் பார்த்ததும் அண்ணாச்சி அந்த அம்மாளுக்கு ஆள் அனுப்பினார்.

"ஏம்மா, இது தீபாவளி மலர். பட்டாசுக் கம்பெனி விளம்பரந்தான் பக்கத்துக்குப் பக்கம். இந்தப் பக்கம் மத்தாப்பு, அந்தப் பக்கம் விரல வெட்டுதான். விளம்பரம் குடுத்தவுக நம்மள என்ன நினைப்பாக? இந்த ஊர்ல விரலப் பத்தி எழுதலாமா?"

வாசலில் நின்ற சங்கிலி தன் இடது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எங்களிடம் வருவதற்கு முன் அவர் பட்டாசு வேலை பார்த்தவர். அந்தக் கையில் மூன்று விரல்தான்.

"துகினவல்லி ஏதாச்சும் ஒரு மூலிகையத் தடவட்டும். விரலு சரியாயிரட்டும்" என்றார் அண்ணாச்சி.

"கறுத்த விரல் திரும்ப வராதுங்க."

"கதையிலகூடவா?"

"கதையிலயும்."

"அப்ப இந்த இதழோட முடிச்சிருவோம். ரெண்டு பேரும் பனிக்குள்ள புதைஞ்சுட்டாக, முற்றும். நானா சொல்லலம்மா, வாசகர் சொல்றாக. நீங்களே கேளுங்க. ஏப்பா, வாசி."

கடிதக் கட்டு என் கைக்கு வந்தது.

"ஐயா கமா உமக்குப் பனியும் தெரியாது கமா வியாதியும் தெரியாது புல்ஸ்டாப்" என்று முதல் கடிதத்தை வாசித்தேன். இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதில், "பெருவியாதிக்காரனுக்கு இளவரசி கேட்கிறதா கேள்விக்குறி" என்று இருந்தது. வாசித்துவிட்டு ஏனோ நிமிர்ந்தேன். வேலை நேரத்தில் நான் நிமிர்வதில்லை. அந்த அம்மாள் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நாலாவது தாள் பண்டிதருடையது. ஐந்திணைதான். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் வாசித்தது இது:

"ஐயா நான் பட்டாளத்திலிருந்து திரும்பியவன் வடக்கே பனியில் காவல் நின்றிருக்கிறேன் அங்கே விரல் முதலில் மரத்துப்போகும் பிறகு கறுக்கும் பிறகு டாக்டர் எடுத்துவிடுவார் அது வியாதி இல்லை யாருக்கும் தொற்றாது எங்களில் பலருக்கு விரல் கிடையாது நீங்கள் எழுதியது சத்தியம் மாறவேளுக்கு விரலைத் திரும்ப முளைக்கவைத்தால் நாங்கள் எல்லோரும் நேரில் வந்து பேசுவோம்"

அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காக்கிச் சட்டை எது வந்தாலும் எழுந்து நிற்கிறவர் அவர், தபால்காரருக்கும் எழுந்திருப்பார்.

"எந்த ஊரு?"

"வெம்பக்கோட்டைப் பக்கம்."

"எம்புட்டுப் பேராம்?"

"போடலைங்க."

"நேர்ல வருவாகளாமா?"

"அப்படித்தான் இருக்கு."

அண்ணாச்சி எழுந்தேவிட்டார். "பட்டாளத்தார் சொன்னா சரியாத்தான் இருக்கும். விரலு போகட்டும். பட்டாசு விளம்பரத்த எல்லாம் வேற பக்கத்துக்குத் தள்ளுங்க. அந்த லெட்டரையும் மலர்லயே போட்டுருவோம், நமக்கும் ஒரு பாதுகாப்பு. குடு, பாப்போம்" என்று கையை நீட்டினார்.

வேலை போனது என்றே நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற மாசிலாமணி சார் தாளை என் கையிலிருந்து உருவி நாலாக மடித்தார்.

"கம்போசிங்குக்கு நேரமாச்சு அண்ணாச்சி."

வெளியே வந்ததும் மூக்குப்பொடியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "மூணு லெட்டர் வாசிச்சீக, கமா, புல்ஸ்டாப் ஒண்ணு விடல. நாலாவதுல ஒண்ணுகூட இல்லையே. பட்டாளத்துல புல்ஸ்டாப் குடுக்கிறதில்லையோ?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அரை மணி நேரத்துல எழுதிக் கொண்டாங்க. கமா வச்சு எழுதுங்க."

6. முடிவு

மலர் வெளிவந்தது. மாறவேளுக்கு விரல் போனது. பட்டாசு விற்பனைக்கு ஒரு குறையும் வரவில்லை. பட்டாளத்துக்காரர் கடிதத்தைப் பாராட்டி வந்த கடிதங்கள், கதையைத் திட்டி வந்தவற்றைவிட அதிகம். பண்டிதர்கூட, நடை நன்றாக இருப்பதாக எழுதியிருந்தார்.

கார்த்திகைக் கடைசியில் அந்த அம்மாள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பெயர் எழுதாத இன்னொன்றைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தப் பட்டாளத்துக்காரரு விலாசம் வேணும். சம்பந்தி கண்டிப்பா அவரக் கூப்பிடணும்கிறாரு. என் கதைய அவரு நம்பவே இல்ல, கதைதானேன்னுட்டாரு. அந்த லெட்டரப் பாத்துட்டுத்தான் சம்மதிச்சாரு."

"அவரு... ஊர்ல இல்லைங்க."

அந்த அம்மாள் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டாவது பத்திரிகையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப அவருக்கும் சேத்து நீங்களே வந்து சாப்பிட்டுப் போங்க."

போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை ஹெட்மாஸ்டருக்கு. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும், சாம்பாரில் தொடங்கிப் பாயசம் வரை அந்தக் கதையைத் திட்டினார்.

"குதிரை வாங்கப் போனவன் கடைசி வரைக்கும் ஒரு குதிரைகூட வாங்கலையே! அந்த லெட்டர் எழுதினாரு பாருங்க, அவருக்குத்தான் எழுத வருது. அவரையே தொடர்கதை எழுதச் சொல்லுங்க. ஆமா, நீங்க முழுசும் வாசிச்சவராச்சே, உங்க அபிப்பிராயம் என்ன?"

அத்தனை மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். "எனக்குப் பிடிச்சிருந்துச்சு சார்" என்றேன்.

"ஏன்?"

நான் பதில் தேடுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். பந்தலின் அந்தக் கோடியில் மாப்பிள்ளை நின்றபடியே எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் கையைக்கூடக் கழுவாமல், இடது கையால் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் போட்டார்.

"எம்புட்டு நேரம் நிப்பீக மாப்பிள்ள, உக்காருங்க."

இந்த வேலைக்கு இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மாசிலாமணி சார் சொன்ன விதியைத்தான் நானும் சொல்கிறேன். தாளில் இருக்கிறதை வாசியுங்கள், இல்லாததை வாசிக்காதீர்கள். என் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வாசகர் கடிதத்தைக் கதை எழுதியவர் முன்னிலையில் வாசிக்கச் சொன்னால், தலையை மட்டும் நிமிர்த்தாதீர்கள். நிமிர்ந்தால் அதற்கு மேல் வாசிக்க வராது.