பானைக்காரன் வென்ற மறுநாள்

இந்த வருடம் தை மாதம் முழுக்க நான் என் கணவரை நாள் தவறாமல் அடித்து விழுத்தினேன். தொலைக்காட்சியில்தான். ஆனாலும் அடித்தது அடித்ததுதான். அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அந்த விளையாட்டுப் பெட்டி எங்களுடையது அல்ல. பிரான்சில் இருக்கும் என் தம்பி நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது தன் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்தது. திரும்பிப் போகிற அன்று அவனுடைய பொதி நிறை கூடிவிட்டது. மிளகாய்த் தூளா, கருவாடா, இந்தப் பெட்டியா என்று வந்தபோது அவன் கொஞ்சமும் யோசிக்காமல் பெட்டியை வெளியே எடுத்து வைத்தான். உள்ளே ஒரே ஒரு விளையாட்டுத் தட்டுத்தான் இருந்தது. யப்பான்காரர் செய்தது. தாளில் வரைந்து வெட்டி எடுத்த மாதிரித் தட்டையான இரண்டு பேர் எதிரெதிரே நின்று சண்டை பிடிப்பார்கள். முன்னால் போகலாம், பின்னால் வரலாம், பாயலாம், குனியலாம், ஆளைச் சுற்றிப் போக முடியாது. முகத்தில் பாதி கண். தலைமயிர் நீலம், ஊதா, பச்சை. ஒவ்வொரு அடிக்கும் யப்பான் பாஷையில் ஒரு கத்தல். திரையின் மேலே ஆளுக்கொரு உயிர்க்கோடு இருக்கும். அடி விழ விழ அது குறையும், முடிந்தால் ஆள் விழுந்துவிடும்.

நான் எடுப்பது கயிற்றில் கட்டிய பெரிய மணியைச் சுழற்றுகிற நீலத் தலைமயிர்ப் பெண்ணை. அவர் எடுப்பது தலையில் பானை கவிழ்த்த ஒரு தடியனை. யப்பானில் அவர்களுக்கு என்ன பெயரோ தெரியாது, எங்கள் வீட்டில் மணிக்காரி, பானைக்காரன்.

நாங்கள் குருநகரில் இருக்கிறோம். அவர் கடலுக்குப் போகிறவர். நான் வீட்டில் இருந்து பள்ளிச் சீருடைகள் தைக்கிறேன். மகள் மட்டக்களப்பில் கம்பஸ் படிக்கப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன மாரியில் ஒரு காலை துறையில் படகைக் கட்டும்போது அலை தூக்கி அடித்து, இரண்டு படகுகளுக்கு நடுவில் அவருடைய இடது கை நசுங்கியது. ஆஸ்பத்திரியில் பெருவிரலின் அறுந்த தசைநாரைத் தைத்தார்கள். கட்டு அவிழ்த்தபோது பெருவிரல் கம்பு போல நின்றது. பயிற்சி கொடுக்கிற மிஸ் மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சுப் பந்தைத் தந்து, நாள் முழுக்க அமத்திக்கொண்டிருக்கச் சொன்னா. பெருவிரல் வளைந்து சின்னிவிரலின் அடியைத் தொட வேண்டும், அதுதான் கணக்கு. அவர் வீட்டுக்கு வந்து பந்தை இரண்டு முறை அமத்திப் பார்த்தார். பிறகு அது அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. அதை எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து நானும் அலுத்துப்போனேன்.

பெருவிரல் இல்லாமல் வலை இழுக்க முடியாது. அவருடைய இடத்துக்குப் படகில் வேறொருவரைத் தற்காலிகமாக ஏற்றியிருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் முடிவாகச் சொல்வதாகப் பேச்சு. அதனால் அந்த விரல் எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி இருந்தது. காலையில் எழும்பியதும் நாங்கள் இரண்டு பேரும் முதலில் அதைத்தான் பார்ப்போம்.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் விளையாடத் தொடங்கினோம். தம்பி போகுமுன் எனக்குச் சொல்லித் தந்திருந்தான். கையில் பிடிக்கிற ரிமோட்டில் வலது பக்கத்தில் அடிக்கிற பட்டன்கள். இடது பெருவிரல் ஆளை நடத்தும். பெரிய அடி வேண்டுமென்றால் இடது பெருவிரலைக் கீழே அமத்தி, அப்படியே சாய்வாக வழுக்கி, முன்னால் கொண்டுவந்து, அதே நொடியில் வலது கையால் பட்டனைத் தட்ட வேண்டும். சரியாகச் செய்தால் திரை இருண்டு, மணிக்காரியின் கண்கள் முழுத் திரைக்கும் விரிந்து, மணி பறந்து போகும். அவரால் விரலைப் பக்கவாட்டில் தள்ள மட்டும்தான் முடிந்தது. பானைக்காரன் நடந்து வருவான், ஒரு குத்துக் குத்துவான், நான் மணியை எறிவேன், அவன் மல்லாந்து விழுவான். இதே கூத்துத்தான் ஒவ்வொரு பின்னேரமும்.

கை ஏலாத மனுஷனை இப்படி அடிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தோற்கத் தெரியாது. சின்ன வயதில் அக்காவிடம் தோற்ற கோபத்தில் கரம் போர்டைக் காய்களோடு கிணற்றடியில் கொட்டியவள் நான். அதோடு, விட்டுக்கொடுத்தால் அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாள் மட்டும் மணியை எறியாமல் சும்மா நின்றேன். அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு இரக்கப்பட்டு விளையாடுறதெண்டால் விளையாட வேண்டாம்."

பிறகு நான் இரக்கம் காட்டவில்லை.

விபூதிப் புதனுக்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை. தையல் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் ஆட்டம் வழக்கம்போல என்னுடையது. இரண்டாவதில் பானைக்காரன் கொஞ்சம் பின்னால் போய் நின்றான். திடீரென்று திரை இருண்டது. நான் ஒன்றும் செய்யவில்லையே என்று பார்த்தேன். விரிந்தது பானைக்காரனுடைய கண்கள். அவன் தலையில் இருந்த பானையைக் கழற்றி உருட்டிவிட்டான். அது உருண்டு வந்து மணிக்காரியை மோதித் தூக்கி எறிந்தது. மூன்றாவது ஆட்டத்திலும் அதே பானை.

அவர் திரையைப் பார்க்கவில்லை, தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது என் உயிர்க்கோட்டை.

"கண்டனீரோ?" என்றார்.

"சும்மா அமத்திக்கொண்டிருந்தா ஆருக்கும் ஒருக்கா வரும்தானே," என்று சொல்லிவிட்டு நான் இடியப்பம் அவிக்கப் போனேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்று கேட்கவில்லை.

மறுநாள் காலை கோவில். உயிர்த்த ஞாயிறு வரைக்குமான நாற்பது நாள் தபசு காலத்துக்கு ஆளுக்கொரு ஒறுத்தல் எடுப்பது, பிடித்த ஒன்றை விடுவது, எங்கள் வழக்கம். கோவில் வளவில் பெண்கள் சந்தித்தால் "என்ன விடுறீர்?" என்றுதான் பேச்சுத் தொடங்கும். சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் நாடகத்தை. நான் வருடா வருடம் தேநீருக்குச் சீனியை விடுகிறவள். இந்த வருடமும் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். பங்குச் சுவாமி என் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனபோது, நான் திடீரென்று வேறு நேர்த்தி வைத்தேன். ஆண்டவரே, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அந்த விளையாட்டை நான் தொட மாட்டேன், அவரின்ரை விரலைத் தாரும்.

சீனியை விடப் பெரிய தியாகம் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

நேர்த்தியை வெளியில் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். கடவுளுக்கும் எனக்கும் நடுவில் இருக்க வேண்டியது. அதனால் அன்று பின்னேரம் அவர் ரிமோட்டை நீட்டியபோது காரணம் சொல்லவில்லை.

"வாரும், ஒரு ஆட்டம்."

"எனக்கு ஏலாது."

"ஏன்?"

"சும்மாதான்."

அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாள் ரிமோட்டை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் வெண்டதெண்டோ விட்டனீர்?"

"உங்களுக்கு வேறை நினைப்பில்லை," என்று சீறினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தனியாகவும் விளையாடவில்லை. இரண்டு ரிமோட்டையும் சீலைத் துண்டால் மூடி வைத்துவிட்டுப் பின்னேரங்களில் துறைப் பக்கம் போய் இருக்கத் தொடங்கினார். நான் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து, என் ஒறுத்தலை நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

சில கிழமைகள் போய் ஆஸ்பத்திரியில் அடுத்த தவணை வந்தது. மிஸ் அவருடைய பெருவிரலைப் பிடித்து மெல்ல வளைத்தா. திரும்ப ஒருமுறை வளைத்தா. அவவின் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"போனமுறை இதைவிட நல்லா வந்தது ஐயா. இப்ப திரும்பவும் இறுகிப்போச்சு. போனமாசம் கையாலை என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை மிஸ்."

"இல்லை, என்னவோ செய்திருக்கிறியள். பந்தாலை மட்டும் இப்பிடி வராது. அதை ஏன் விட்டனீங்கள்?"

அவர் என்னைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், மனைவியோடு பொம்மைச் சண்டை பிடித்தேன் என்று எப்படிச் சொல்வார்? எனக்கு அந்தக் கதிரையிலேயே விளங்கிவிட்டது. கீழே, சாய்வாக, முன்னால். ஒவ்வொரு பின்னேரமும் என்னை ஒரே ஒரு முறை விழுத்திவிட வேண்டுமென்று அவர் அந்த விரலைப் பிடிவாதமாக வளைத்துக்கொண்டிருந்தார். வென்ற அன்று அவர் தன் கையைப் பார்த்தது அதற்காகத்தான். எந்த விரலுக்காக நேர்த்தி வைத்தேனோ அந்த விரலின் மருந்தைத்தான் நான் ஒறுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சீலைத் துண்டை எடுத்து எறிந்துவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

"என்ன இப்ப திடீரெண்டு?" என்றார். குரலில் கோபம் இருந்தது. "மிஸ் சொன்னதாலை இரக்கமோ?"

அப்போதுதான் நேர்த்தியைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது. நான் அழுவதைவிட அது எனக்கு அதிகம் வலித்தது. இத்தனை நாளும் அவர் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"அப்ப நான் வெண்டதுக்கில்லையோ?"

"இல்லையப்பா."

அவர் வந்து என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். விளையாடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை எனக்கும் தனக்கும் நடுவில் பாயில் வைத்தார்.

"வைச்ச நேர்த்தியை உடைக்காதையும். அப்பிடி வாற விரல் எனக்கு வேண்டாம்."

"ஆண்டவருக்கு விளங்கும். சுவாமியிட்டைக் கேட்டால் மாத்தித் தருவார்."

"உமக்கும் எனக்கும் விளங்க வேணுமே. நீர் தொட வேண்டாம். பக்கத்திலை இரும், அடிக்க ஆள் நிண்டாக் காணும், அவ்வளவு போதும்."

இரண்டு ரிமோட்டிலும் தானே அமத்தி, எனக்கு மணிக்காரியையும் தனக்குப் பானைக்காரனையும் எடுத்தார். ஆட்டம் தொடங்கியது. என் ரிமோட் பாயில் கிடந்தது. மணிக்காரி நீலத் தலைமயிர் ஆட மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் விரலைக் கீழே அமத்தினார். சாய்வுக்கு வரும்போது விரல் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் முயன்றார். பானை வரவில்லை. இருட்டும்வரை ஒரு முறையும் வரவில்லை.

உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அப்படித்தான் போனது. அவர் அடிப்பார். நான் பக்கத்தில் இருந்து சட்டைகளுக்குப் பட்டன் தைப்பேன். கை சும்மா இருந்தால் ரிமோட்டுக்குப் போய்விடும் என்று பயம். முதலில் குத்துகள், பிறகு ஒன்றிரண்டு பானை, பிறகு வரிசையாகப் பானை. மணிக்காரி குனிந்து ஒதுங்கவும் மாட்டாள், திருப்பி அடிக்கவும் மாட்டாள். யப்பான் பாஷையில் ஒரு முனகலோடு விழுவாள், அடுத்த ஆட்டத்துக்கு எழும்பி நிற்பாள். அவளைப் பார்க்க எனக்கு வேண்டும், நல்லாய் வேண்டும் என்றிருந்தது.

விரல் வந்தது. முழுதாக வரவில்லை. சின்னிவிரலின் அடிக்கும் பெருவிரலின் நுனிக்கும் நடுவில் ஒரு கடலை அளவு இடைவெளி நின்றுவிட்டது. இனி வந்தால் வரலாம் என்று மிஸ் சொன்னா. இடையில் விட்ட கிழமைகளைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படகில் அவருக்கு இடம் கிடைத்தது, ஆனால் வலை இழுக்க அல்ல, எஞ்சின் பிடிக்க. வலை இழுக்கும் இடம் மற்றவருக்குப் போய்விட்டது. அவர் அதைப் பற்றி முறையிடுவதில்லை. துறையில் ஆட்கள் கேட்டால், "நான் ஒருக்கா வெண்டதுக்கு இவ நாப்பது நாள் கோவிச்சுக்கொண்டு இருந்தவ," என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார், உண்மை எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும் என்பது போல.

போன கிழமை, நேர்த்தி முடிந்து நானும் திரும்ப ரிமோட் எடுத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, பகிடி இல்லாமல் கேட்டார்.

"உண்மையா என்ரை விரலுக்கெண்டோ விட்டனீர்?"

"ஓம்," என்றேன்.

"அது காணும் எனக்கு," என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

விபூதிப் புதன் காலை கோவிலில், நெற்றியில் சாம்பல் ஈரமாக இருந்தபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது அவருடைய விரல் அல்ல. உருண்டு வந்த பானை. இனி அவரோடு விளையாடப் போனால் திரும்பவும் தோற்பேன் என்ற எண்ணம். சீனியைத் தள்ளிவிட்டு விளையாட்டை ஆண்டவரிடம் கொடுத்தது அந்த எண்ணம்தான். விரல் அதற்குப் பின்னால்தான் வந்தது, ஒரு மூச்சு விடும் நேரம் பிந்தி. துறையில் அவர் பகிடியாகச் சொல்வதில் பாதி உண்மை. அதை அவருக்கு நான் சொல்லவில்லை.

பானைக்காரன் பின்னால் போய் நின்றான். திரை இருண்டது. பானை உருண்டு வந்தது. தடுப்பதற்கு எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது, நான் பட்டனை அமத்தவில்லை. மணிக்காரி விழுந்தாள். அவர் என்னைத் திரும்பி ஒரு முறை பார்த்தார். ரிமோட்டைக் கீழே வைப்பார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார்.