ரப்பர் உடுப்புக்குள் கிளிப்பச்சை

கொட்டச்சேடு கிராமத்துத் தனபாலுக்குத் தண்ணீரைப் பார்த்தால் போதும், குதித்துவிடுவார். சொந்தமாகக் கொஞ்சம் காப்பியும் மிளகும் உண்டு. ஆனால் சுற்றுவட்டார எஸ்டேட்காரர்கள் அவரைத் தேடுவது முங்குவதற்குத்தான். காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே மிஷினில் போட்டுத் தோலுரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். மிஷின் ஓடத் தண்ணீர் வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் குளத்துக்குள் கிடக்கும் மோட்டார் குழாயின் வாயில் இலையும் பாசியும் அடைத்துக்கொள்ளும். தனபால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். கரையில் கயிற்றைப் பிடிப்பது அவர் மனைவி ராணி. வேறு யார் கையிலும் அந்தக் கயிற்றை அவர் கொடுத்ததில்லை.

ஸ்டெபின் என்ற காட்டேஜ்காரர், கடலில் முங்கும்போது போட்டிருந்த பழைய ரப்பர் உடுப்பை அவருக்குத் தந்திருந்தார். மெல்லிசு. கடலுக்குப் போதும், எங்கள் மலைத் தண்ணீரின் தைமாதக் குளிருக்கு எந்த மூலைக்கு? போன வருஷம் கரையேறியபோது உதடு நீலம் பாரித்து, பேச்சே வரவில்லை. ராணி அன்றே சொல்லிவிட்டாள்: "இன்னொருக்கா இப்புடி வெறச்சு வந்தீங்கன்னா, கயிறு புடிக்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

அதனால்தான் அவர் எங்கள் கடைக்கு வந்தார். ஏற்காடு கடைவீதியில் என் வீட்டுக்காரர் ஜாபர் அலிக்கும் எனக்கும் ஸ்வெட்டர், சால்வை, உள்ளாடை வியாபாரம். ரப்பருக்கு உள்ளே போடுவதற்கென்றே ஒரு சட்டை இருக்கிறதாம். போனில் அதன் விலையைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றிவிட்டது.

"ஒரு ஆட்டை வித்தாத்தானுங்க்கா கட்டும். நல்லாத் தடியா ஒரு ஸ்வெட்டர் குடுங்க, போதும்."

"தம்பி, கம்பளி தண்ணியக் குடிச்சுக்கும். ஒட்டுனாப்புல மெல்லிசா ஒண்ணு போடுங்க."

"மெல்லிசு குளுருக்கு ஆகுமுங்களா? ஏற்காட்டுல இருந்துட்டு நீங்களே இப்புடிச் சொல்றீங்களே, ஆசியாக்கா!"

தடியாக இருந்தால்தான் சூடு என்று நினைக்கும் மலைக்காரரிடம் யார் மல்லுக்கட்டுவது? ஸ்வெட்டரையே கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் ராணி ஜீப்பில் வந்து இறங்கினாள். சொட்டச் சொட்ட அந்த ஸ்வெட்டரை எடுத்து என் மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

"இதுக்கு மேல ரப்பர் ஜிப்பே ஏறலீங்க்கா. தெறந்தபடியே எறங்குனாரு. தண்ணியக் குடிச்சுக் கல்லாட்டம் ஆயிருச்சு. கையத் தூக்க முடியாம பாதியிலயே ஏறிட்டாரு. அங்க பழம் குமிஞ்சு கெடக்குது. மறுக்காவும் எறங்குவேங்கறாரு. எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க்கா."

எனக்கு வந்த கோபம் அப்படியே இறங்கிவிட்டது. கீழ்த்தட்டைக் கிளறினேன். பையன்கள் கபடி ஆடும்போது பனியனுக்குள் போடுகிற வழவழப்பான முழுக்கைச் சட்டை ஒன்று அவர் அளவுக்குக் கிடைத்தது. தண்ணீர் குடிக்காத துணி. காலுக்கு? அதே மாதிரித் துணியில் பெண்கள் போடும் லெக்கின்ஸ்தான் இருந்தது, அதுவும் கிளிப்பச்சையில். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நானும் ஜீப்பில் ஏறினேன்.

குளக்கரையில் தனபால் அதைப் பார்த்ததும் பின்வாங்கினார். "பொம்பளை உடுப்புங்க்கா! நாலு பேரு பாத்தா என்னத்துக்காகறது?"

"மேல ரப்பர் இருக்குதில்ல, யாரு பாக்கப் போறா? போய்ப் போட்டுட்டு வாங்க!" என்று ஒரு அதட்டு அதட்டினேன். ஜிப் இப்போது கழுத்துவரை ஏறியது.

ராணி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவர் முங்கி முங்கி எழுந்தார், ஒவ்வொரு முறையும் கை நிறையப் பாசியோடு. கயிறு அசையாமல் நின்றால் இவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கடைசியில் அவர் கரையேற, மோட்டாரைப் போட்டார்கள். மிஷின் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. பழம் பறிக்கும் பெண்கள் கைதட்டினார்கள்.

ஆனால் மனிதர் உடுப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். பெண்கள் போகட்டும் என்று ஈரத்தோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். அவர்களோ போவதாக இல்லை. காற்று அடிக்க, அவருக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. யா அல்லாஹ்! தண்ணீருக்குள் விறைக்காதவர் வெட்கத்தில் கரையில் விறைக்கப் பார்த்தார்.

ராணி போய் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். "கழட்டுங்க. யாரு சிரிச்சா என்னங்க? எனக்கு நீங்க வேணும்."

கிளிப்பச்சை வெளியே வந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். ராணி சிரிக்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்தாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கயிறு நைஞ்சு போச்சுங்க. அடுத்தவாட்டி எறங்கறதுக்கு முன்னால புதுசு வாங்கியாங்க" என்றாள்.