ரோஜே திருத்திய வயது

சைகோன் பிரெஞ்சு சர்க்கார் அலுவலகத்தில் நகல் குமாஸ்தாவுக்கு மூளை கூடாது என்பார்கள். காரைக்கால் ரோஜேவுக்கு அது கொஞ்சம் இருந்தது, அதுதான் வினை. ஒரே தாளில் இரண்டு எண்கள் முட்டிக்கொண்டால், மேலே போகுமுன் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவார். இருபது வருடமாக அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த பழக்கம் அது.

1936இல் பாரிஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அவருடைய உரையைத் தட்டச்சு செய்யும் வேலை ரோஜேவின் மேசைக்கு வந்தது. ஒரு காலத்தில் அண்டம் முழுவதும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிடந்ததாம். அது விரியத் தொடங்கி நூற்று எண்பது கோடி வருடம் ஆகிறதாம். அடுத்த பக்கத்தில், பூமியின் பாறைகளுக்கு வயது முந்நூறு கோடி! பெற்றவளைவிடப் பிள்ளை மூத்ததா? பாவம், துரை கைதவறி எழுதிவிட்டார் என்று ரோஜே பரிதாபப்பட்டார். அண்டத்தின் வயதில் இருநூறு கோடியைக் கூட்டிப்போட்டு அறுபது படிகள் எடுத்தார்.

மறுநாள் மாலை கத்தினா வீதி மண்டபத்தில் கூட்டம். படிகளைக் கொடுத்துவிட்டு ரோஜே கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். பேராசிரியர் தொடங்கினார்.

"உங்கள் கையிலுள்ள தாளில் இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் கப்பலேறி வந்தேன்."

முன்வரிசையில் ஒரு நீதிபதி, "ஒத்துப்போகிறதே!" என்றார். பேராசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். வேலை போச்சு, சர்க்கார் வீடு போச்சு. மனைவி ஜிசேலையும் மூன்று பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? ரோஜே கையைத் தூக்கினார்.

"நாந்தான் முசே... பிசகுன்னு நெனச்சு மாத்திட்டேன்." பயத்தில் தமிழில்தான் வந்தது. பிறகு பிரெஞ்சில் சொன்னார்.

பேராசிரியர் கோபிக்கவில்லை. பழைய எண்ணையே கையால் எழுதித் தரச் சொன்னார். அறுபது தாளிலும் ரோஜே எழுதி முடித்தார். கடைசியில் துணிந்து, இரண்டில் எது தவறு என்று கேட்டார்.

"தெரியாது," என்றார் பேராசிரியர். "இரண்டையும் கவனமாகத்தான் அளந்திருக்கிறோம். எங்களில் யாருக்கும் தெரியாது."

வீட்டில் ஜிசேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அதான் வேல போவலையே. இன்னும் ஏன் வெடவெடங்குறீங்க?"

இருபது வருடத்தில் ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து 'தெரியாது' என்றொரு பதிலை ரோஜே கேட்டதில்லை.

"அவங்களுக்கே தெரியலையாம், ஜிசேல்," என்றார். "கதவச் சாத்து."