சௌந்தர்யாவும் மினஸ்கூலும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கடைசிச் சோதனை மேசை சௌந்தர்யாவுடையது. நெமிலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். பி.ஏ. ஆங்கிலம் படித்தவளுக்கு ஷூவில் குறை கண்டுபிடிக்கிற வேலைதான் வாய்த்தது. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, அது என்னவென்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். படித்த படிப்புக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

ஒருநாள் தோலில் ஊசிமுனைப் புள்ளி ஒன்றைப் பார்த்து ‘மினஸ்கூல்’ என்று எழுதினாள். ஸ்மால் என்றால் சின்னது, டைனி என்றால் ரொம்பச் சின்னது. மினஸ்கூல் அதற்கும் கீழே, பொருட்படுத்தவே தேவையில்லாத அளவு. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு ஜோடியைப் பாஸ் செய்தார். அன்று பிடித்தது சனி.

“இன்னாம்மா அந்த வார்த்தை? நல்லா வேலை செய்யுதே. எல்லாத்துக்கும் அதையே போட்டுடு” என்றார் மேனேஜர் வக்கார் அகமது.

ஸ்மால் என்று எழுதினால் ஷூ தையலுக்குத் திரும்பும். தைத்து முடிப்பதற்குள் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அதனால் தையல்காரர் பெருமாளும், “மினஸ்கூல் போட்டுடும்மா, பஸ்ஸு போய்டும்” என்று கெஞ்சுவார். டீயில் சர்க்கரை கம்மியானாலும் தையல் லைனில் எல்லோருக்கும் மினஸ்கூல்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “அது அதுக்கில்லண்ணே” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பிறகு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்த ஷூ ஒன்று வந்தது. முடியாது என்றாள். வக்கார் அகமது பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

“சரக்கு இன்னிக்குப் போவணும். பேஜார் பண்ணாம எழுதும்மா.”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் வந்து திறந்தது அந்த ஷூ இருந்த பெட்டியைத்தான். கீறலையும் அவள் எழுதியதையும் மாறி மாறிப் பார்த்தார். “இதை யார் எழுதினது?”

வக்கார் அகமது முந்திக்கொண்டார். “பொண்ணுக்கு அர்த்தம் தெரியல சார். கத்துக்கும், விட்டுடுங்க.”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், மேசை அவளுக்கே இருக்கும். லைனே தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

“அர்த்தம் தெரியும் சார். இது மினஸ்கூல் இல்ல. எழுதச் சொன்னாரு, தெரிஞ்சேதான் எழுதிட்டேன்.”

மறுநாள் அவளைப் பிசிறு நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே எழுதுகிற வேலை கிடையாது.