உஷாராணியின் இடது கை

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு மேல்மாடியில் குடியிருக்கும் உஷாராணி பகலில் காப்புறுதி ஏஜென்ட். மாலையானால் பட்டை முனைப் பேனாவும் மைப்புட்டியுமாக உட்கார்ந்துவிடுவாள். இப்போது இதற்குக் கெலிகிராஃபி என்று பெயர். கையால் எழுதிய கல்யாண அட்டைக்கு ஊரே ஆலாய்ப் பறக்கிறது. ஒரே நாளில் அச்சடித்துத் தொலைக்கலாமே என்று நான் கிண்டல் செய்வேன். அவள் காதில் வாங்கமாட்டாள்.

அவளிடம் ஒரு ரகசியம் உண்டு. எழுதுவது இடது கையால். ஈர மையைக் கை கலைத்துவிடாமலிருக்க அட்டையைப் பக்கவாட்டில் வைத்து, மேலிருந்து கீழாக எழுதுவாள். பள்ளியில் அந்தக் கை வாங்கிய அடிகள் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் இன்ஸ்டாகிராமில் எழுதி முடித்த அட்டை மட்டும்தான் வரும், கை வராது.

கிள்ளானிலிருந்து நல்லம்மாள் ஆன்டி, தன் மகள் தாமரையின் கல்யாண அட்டைகளை எழுதக் கேட்டார். உஷாராணிக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஆனால் சாமிக்கு வைக்கும் முதல் அட்டையைத் தன் வீட்டுப் பூசையறையில், நல்ல நேரத்தில், எல்லார் முன்னிலையிலும் எழுதவேண்டுமாம். போகும் வழியெல்லாம் இவள் என் காரில் வலது கையால் எழுதிப் பழகினாள். கோணியதற்கெல்லாம் கார் குலுங்குகிறது என்று என்னைத் திட்டினாள். நெரிசலில் கார் நகரவே இல்லை.

பூசையறை நிறையப் பட்டுப்புடவைகள். உஷாராணி வலது கையால் பிள்ளையார் சுழி போட்டாள். புழு மாதிரி நெளிந்தது. அவள் பெருமூச்சு விட்டு, பேனாவை இடது கைக்கு மாற்றி, வேறு அட்டையை எடுத்துப் பக்கவாட்டில் வைத்தாள்.

நல்லம்மாளின் முகம் சுருங்கியது. “சாமி அட்டைம்மா இது” என்றார்.

“இந்தக் கைக்குத்தான் எழுத வரும் ஆன்டி. வேணாம்னா இப்பவே கெளம்பிடறேன்.”

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் படுத்தவாக்கில் ஒவ்வொன்றாக இறங்கின. என்ன எழுதுகிறாள் என்று பார்க்கப் பெண்கள் கழுத்தைச் சாய்த்தார்கள், நல்லம்மாளும்தான். முடிந்ததும் அட்டையை நேராக வைத்தாள். தாமரையின் பெயர் அத்தனை அழகாக நிமிர்ந்து நின்றது. மை காயுமுன்னே தொடப்போன நல்லம்மாளை இவள்தான் தடுக்கவேண்டியிருந்தது.

நல்லம்மாள் உள்ளே போய் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். உஷாராணி பதற்றத்தில் இடது கையையே நீட்டினாள்.

“அந்தக் கை எழுதட்டும்லா” என்றார் நல்லம்மாள். “மிச்ச அட்ட எல்லாம் இருக்கு. வெத்தலைய மட்டும் சோத்துக் கையில வாங்கிக்கம்மா.”