வீட்டுப்பேர் இல்லாத பாக்டீரியா

ஷீபா அக்கா போய்விட்டார்.

இன்று காலை கழக்கூட்டம் ஜங்ஷன் டீக்கடையில் மலையாளப் பேப்பரைப் புரட்டினேன். மரணச் செய்திப் பக்கத்தில் அவர் போட்டோ. மாரடைப்பாம்... டீ அப்படியே ஆறிவிட்டது.

இங்கே என்னோடு இருக்கும் ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது. அதான் எழுதுகிறேன்.

எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விடும்வரை நான் இருந்த லேபில் அவர் ரிசர்ச் ஸ்காலர். கரும்பு இலையில் வெள்ளைக் கோடு விழுந்து, பயிரே காய்ந்துபோகும் ஒரு நோய். அதைக் கொண்டுவரும் பாக்டீரியாவை ஊர் ஊராகச் சேகரித்து, டி.என்.ஏ. எடுத்து, எது எதற்குச் சொந்தம் என்று பார்க்கிற வேலை.

டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓடவிடும்போது ஒரே மாதிரி கோடுகள் வந்தால் ஒரே குடும்பம். எல்லாரும் நம்பர் போடுவார்கள். அக்கா, அவர் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருப்பதுபோல வீட்டுப்பேர் போடுவார்... மேலேவிளை, தெக்கேவீடு, பனவிளை.

ஒன்று மட்டும் எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை.

"உனக்க வீட்டுப்பேரு என்னடே?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்களுக்கு ஏதுக்கா வீட்டுப்பேரு? ஆரியசாலைல வாடகை வீடு. டோர் நம்பர் வேணும்னா தரேன்."

"அப்ப இவன் உனக்க ஆளுதான்." குப்பியில் என் பேரை எழுதிவிட்டார்.

கைடு பார்த்துவிட்டு, "வேற ஏதோ கலந்துபோச்சு. கண்டாமினேஷன். களஞ்சேக்கு ஷீபே" என்றார்.

"இல்ல சாரே, மறுபடியும் செஞ்சு பாத்தாச்சு. அப்பவும் தனியாத்தான் நிக்கான். தனியா நிக்கான்னு வச்சுக் களஞ்சிர முடியுமா?"

களையவில்லை. ஃப்ரீசரில் பத்திரமாக வைத்தார். நான்தான் படிப்பைக் களைந்தேன்.

அப்புறம் கால் சென்டர், ஹாஸ்டல், வேறொரு கால் சென்டர்... கூடப் படித்தவர்கள் எல்லாரும் நம்பர் மாற்றிவிட்டார்கள். அக்கா மட்டும் எப்போதாவது கூப்பிடுவார்.

"உனக்க ஆளு சுகமா இருக்கான். கூட்டுக்குத்தான் ஒருத்தனும் கிட்டல்ல."

மூணு நாள் முன்னால் போனில் குரலே வேறு மாதிரி.

"லேய், கிட்டியாச்சு! வேற ஊரு கரும்பு. கோடெல்லாம் அச்சு அசல் உனக்க ஆளேதான். இனி இவனுவளும் ஒரு குடும்பம், கேட்டியா!"

"என்ன வீட்டுப்பேரு வச்சீங்க?"

"நீ வந்து வைடே. சனியாழ்ச்ச வா."

இன்று வியாழன்.

போட்டோவுக்குக் கீழே 'குன்னத்துவிளை வீட்டில் ஷீபா' என்று போட்டிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அக்காவின் வீட்டுப்பேரை நான் கேட்டதே இல்லை.

ஃப்ரீசரில் இருக்கும் அந்த ரெண்டு பேரும் இனி குன்னத்துவிளை.

சனிக்கிழமை வந்து குப்பியில் எழுதிவிடுகிறேன், அக்கா... போயிட்டு வாங்க.